பிழை செய்ய யாருக்கு இடம்?

கம்ப்யூட்டருக்குச் சாதி தெரியாது என்கிறார்கள். தெரியாதுதான். ஏர்க்கலப்பைக்கும் தெரியாது, உழவு மாட்டுக்கும் தெரியாது. ஆனாலும் நிலம் யாரிடம் இருந்தது, சேற்றில் நின்றது யார் என்பதில் சாதி இருந்தது. எனவே கருவியை விட்டுவிடுவோம். கருவிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆளைப் பற்றியும், அந்த ஆளை 'பெரிய புரோகிராமர்' என்றோ 'லாயக்கில்லை' என்றோ தீர்ப்புச் சொல்கிறவர்களைப் பற்றியும் பேசலாம்.

இது இன்ஜினியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டிய சங்கதி, நம் பத்திரிகைக்கு எதற்கு என்று தோழர்கள் கேட்கலாம். 1990இல் மண்டல் பரிந்துரையை எதிர்த்துத் தெருவுக்கு வந்த மாணவர்கள் ஷூவுக்குப் பாலிஷ் போட்டும் தெருக் கூட்டியும் போராட்டம் நடத்தினார்கள். இட ஒதுக்கீடு வந்தால் படித்தவர்கள் இந்த வேலைதான் பார்க்க வேண்டும் என்று நாட்டுக்குக் காட்டினார்களாம். அது யாருடைய அப்பன் ஆத்தாள் செய்கிற வேலை என்று அவர்களுக்கு உறைக்கவே இல்லை. அப்போது அவர்கள் வாயில் இருந்த சொல் 'திறமை'. அதற்கடுத்த பத்தாண்டில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் பெருகின. ஒதுக்கீடு இல்லாத துறை, ஆகவே சுத்தமான திறமையின் துறை என்று அதற்கு ஒரு மகிமை ஏற்றப்பட்டது. நிலம் வேண்டாம், முதல் வேண்டாம், மூளை இருந்தால் போதும் என்றார்கள். அந்த மூளை வேலை என்பது என்ன, அதில் ஒருவர் கைதேர்வது எப்படி என்று நாம் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. அவர்கள் கொடுத்த விளக்கத்தை அப்படியே வாங்கிக்கொண்டு, 'எங்ககிட்டயும் திறமை இருக்கு' என்று மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தோம்.

இருபது வருசத்துக்கு மேல் இந்தத் தொழிலில் சோறு தின்றவன் என்ற முறையில் அந்த உள்ளேயிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

புரோகிராமர் என்றால் விடிய விடிய டைப் அடிக்கிறவன் என்று ஒரு படம் இருக்கிறது. டைப் அடிப்பது சின்ன வேலை. எழுதியது ஏன் ஓடவில்லை என்று தேடுவதுதான் பெரிய வேலை. பத்து வரி எழுதினால் முதல் தடவையே சரியாக ஓடுவது அபூர்வம். நூறு பேர் பட்டியலை வரிசையாகப் படி என்றால் தொண்ணூற்றொன்பதோடு நின்றுவிடும், இல்லாவிட்டால் இல்லாத நூற்றியோராவது ஆளைத் தேடிப் போய் விழும். தேதியை நாள், மாதம் என்ற வரிசையில் ஒருவர் எழுதியிருப்பார். மாதம், நாள் என்று இன்னொருவருடைய நிரல் படிக்கும். பன்னிரண்டாம் தேதி வரை எல்லாம் சரியாக ஓடுவது போலவே தெரியும். பதிமூன்றாம் தேதி காலையில் குட்டு உடையும். அதுவரை போன கணக்கெல்லாம் தப்பு என்பது அன்றைக்குத்தான் தெரியவரும்.

இந்தத் தேடலில்தான் ஆள் எப்படி என்று தெரியும். தேறாதவர் ஊகிப்பார். ஒரே நேரத்தில் நாலு இடத்தை மாற்றிப் பார்ப்பார். தற்செயலாக ஓடிவிட்டால், ஏன் ஓடியது என்று கேட்காமல் வீட்டுக்குப் போய்விடுவார். தேர்ந்தவர் செய்வது வேறு மாதிரி. முதலில் அந்தப் பிழையை மறுபடி வரவழைக்கப் பார்ப்பார்; வரவழைக்க முடியாத பிழையைத் தீர்த்துவிட்டதாகச் சொல்ல மாட்டார். பிறகு நிரலைப் பாதியாகப் பிரித்து எந்தப் பாதியில் குற்றம் என்று பார்ப்பார், அந்தப் பாதியை மறுபடி பாதி. ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்றுவார். மெஷின் சரியில்லை, கொடுத்த தகவல் சரியில்லை என்று சொல்லும் முன் தன் வரிகளைச் சந்தேகிப்பார். வேறொருவர் ஐந்து வருசத்துக்கு முன் எழுதிவிட்டுப் போன நிரலை வையாமல் பொறுமையாகப் படிப்பார். தான் எழுதும்போது, நாளைக்குப் படிக்க வருகிற முகம் தெரியாத ஆளுக்கும் விளங்குகிற மாதிரி பெயர் வைத்து எழுதுவார். தெரியாததைத் தெரியாது என்று கேட்பார். இவ்வளவுதான். இதில் எதுவும் கருவில் வருகிற வித்தை இல்லை. எல்லாம் பழக்கம், பழகினால் வருவது.

நெதர்லாந்தைச் சேர்ந்த எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவர், அடக்கத்துக்குப் பேர் போனவரும் இல்லை. அவர் 1972இல் டூரிங் விருது வாங்கியபோது ஆற்றிய உரையின் தலைப்பே 'அடக்கமான புரோகிராமர்' என்பதுதான். மனிதத் தலை சின்னது, அதன் எல்லை தெரிந்து வேலை செய்கிறவன்தான் தேறுவான், சாமர்த்தியம் காட்டுகிறவன் கெடுப்பான் என்பது அந்த உரையின் சாரம்.

அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் க்னூத் இன்னும் ஒருபடி மேலே போனார். புத்தகங்களை அச்சுக்கோர்க்க 'டெக்' என்றொரு நிரலை எழுதினார். உலகம் முழுக்க கணித நூல்கள் அதில்தான் அச்சுக்கோர்க்கப்படுகின்றன. அதை எழுதிய பத்தாண்டுகளில் தான் செய்த பிழைகளையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் பதிந்து வைத்து, எண்ணூறுக்கும் மேற்பட்ட அந்தப் பிழைகளின் பட்டியலை 1989இல் ஓர் ஆய்விதழில் வெளியிட்டார். எது கவனக்குறைவு, எது மறதி, எது அறியாமை என்று வகை பிரித்து வெளியிட்டார். அவருடைய புத்தகத்தில் பிழை கண்டுபிடித்துச் சொல்கிறவர்களுக்கு 2 டாலர் 56 சென்ட்டுக்குக் காசோலை அனுப்பிவந்தார். வாங்கியவர்களில் பலர் அதை வங்கியில் போடாமல் சட்டம் போட்டு மாட்டி வைத்துக்கொண்டார்கள். பெரியவரின் பிழை, அதைக் கண்டுபிடித்த பெருமை!

எனக்கு க்னூத் மேல் மரியாதை உண்டு. அவர் செய்தது நேர்மையான காரியம். ஆனால் நம் வீட்டுப் பிள்ளை ஒருத்தி, வேலைக்குச் சேர்ந்த முதல் வருசம், 'இதுவரை நான் செய்த தப்புகள்' என்று பட்டியல் போட்டுக் குழுவில் வைத்தால் என்ன ஆகும்? அவள் வைக்கவே வேண்டாம், மற்றவர்கள் ஏற்கெனவே ஒன்று வைத்திருப்பார்கள்.

நான் சென்னையில் முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரே மாதத்தில் சேர்ந்த இரண்டு புதியவர்கள். பையன் ஒருநாள் ராத்திரி தப்பான கட்டளை கொடுத்து வாடிக்கையாளரின் ஒரு அட்டவணையையே அழித்துவிட்டான். விடிய விடிய உட்கார்ந்து பழைய நகலிலிருந்து மீட்டார்கள். காலையில் டீம் லீட் அவனை டீக்கடைக்குக் கூட்டிப்போய், 'கவலப்படாதடா, நான் ஃப்ரெஷரா இருந்தப்போ இதைவிட மோசமா ஒண்ணு பண்ணினேன்' என்று கதை சொன்னார். அந்தக் கதையோடு அவன் அந்தக் கூட்டத்தில் ஒருத்தன் ஆகிவிட்டான். அடுத்த மாதம் அந்தப் பெண் மேலே சொன்ன அதே தேதிப் பிழையைச் செய்தாள். சோதனையிலேயே பிடிபட்டது, வாடிக்கையாளருக்குப் போகவில்லை. அவளை யாரும் திட்டவில்லை. 'பேசிக்ஸே வீக்கா இருக்கே, எந்தக் காலேஜ்? ஹாஸ்டலா?' என்று மட்டும் கேட்டார்கள். அரசு ஆதிதிராவிடர் விடுதி என்று அவள் சொன்னதும் இரண்டு பேர் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. புகார் கொடுக்கக்கூட அதில் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு அவள் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள். அரை மணி நேரத்தில் பக்கத்து ஆளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதை இரண்டு நாள் தனியாகத் தேடினாள். எழுதியதைப் பத்துத் தடவை பார்த்துவிட்டுத்தான் மற்றவர் கண்ணில் காட்டுவாள். ஆறு மாதம் கழித்து மதிப்பீட்டு அறிக்கையில் 'ஸ்லோ' என்று எழுதினார்கள். 'தானாக முன்வருவதில்லை' என்றும் எழுதினார்கள். இரண்டும் பொய்யில்லை. அவளை அப்படி ஆக்கிவிட்டு, ஆக்கியதையே சாட்சியாக வைத்தார்கள்.

பையன் செய்த பிழை அவனுடையது. சம்பவம், அனுபவம், சிரித்துச் சொல்கிற கதை. பெண் செய்த பிழை அவளுடையதாக இல்லை. அது ஒரு சாதியைப் பற்றிய பழைய முடிவுக்குக் கிடைத்த புது ஆதாரமாகப் போயிற்று. பிழைகளாலேயே கற்க வேண்டிய ஒரு தொழிலில், பிழை செய்ய இடம் இல்லாதவர் எப்படிக் கற்பார்? திறமை என்று இவர்கள் பேசுவதில் பெரும்பகுதி, ஒருவருக்கு எத்தனை தடவை தப்புச் செய்ய அனுமதி கிடைத்தது என்ற கணக்குதான் என்று நான் நினைக்கிறேன். அந்த அனுமதி சாதிவாரியாகப் பங்கு வைக்கப்பட்டிருக்கிறது.

அது வேலைக்கு வந்த பிறகு தொடங்குவதும் இல்லை. வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிற பிள்ளை பத்து வயதில் அதை நோண்டிக் கெடுக்கிறது. அப்பா இரண்டு சத்தம் போட்டுவிட்டு ரிப்பேர்காரரைக் கூப்பிடுகிறார். பிள்ளை பக்கத்தில் நின்று அவர் என்ன செய்கிறார் என்று பார்க்கிறது. நம் பிள்ளைகளில் பலர் கல்லூரி லேபில்தான் முதன்முதலாகக் கைவைக்கிறார்கள். ஒரு மெஷினுக்கு மூன்று பேர். கெட்டால் யார் பணம் கட்டுவது என்ற பயம். தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச மடிக்கணினி கொடுத்தார்கள். 'வாங்கிட்டுப் போய் சினிமாதான் பாக்குறானுங்க' என்று எத்தனை பேர் கேலி பேசினார்கள்! பார்க்கட்டுமே. சினிமா பார்க்க ஒரு மென்பொருளை ஏற்றி, அது வைரஸ் கொண்டுவந்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஏற்றிக் கற்றுக்கொண்ட பையன்களை எனக்குத் தெரியும். கெடுத்தாலும் யாரும் கேட்காத ஒரு மெஷின் சேரிக்குள் வந்தது அதுதான் முதல் தடவை.

சரி, இந்தப் 'பிறவி மேதை' கதை எங்கிருந்து வந்தது? தொழிலின் வரலாற்றைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. 1946 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஏனியாக் என்ற மின்னணுக் கணிப்பொறியை உலகுக்குக் காட்டினார்கள். ஏறக்குறைய 18,000 வால்வுகள் கொண்ட ராட்சசன். இயந்திரம் செய்வது ஆண்களின் பெருமை. அதைக் கணக்குப் போட வைப்பது கிளார்க் வேலை என்று நினைத்து, ஆறு பெண்களிடம் கொடுத்தார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் புத்தகம் இல்லை. இயந்திரத்தின் வரைபடங்களைப் பார்த்துத் தாங்களாகவே படித்து, எந்த வால்வு கெட்டது என்பது வரை கண்டுபிடிக்கும் அளவுக்குத் தேறினார்கள். வெளியீட்டு விழா விருந்துக்கு அவர்களை அழைக்கவில்லை. பிறகு இந்த வேலைக்குச் சம்பளமும் மதிப்பும் ஏறின. ஏற ஏற அதற்குரிய 'இயற்கையான' ஆளும் மாறிப்போனார். 1950களின் நடுவில் ஐபிஎம் கம்பெனி ஒரு தகுதித் தேர்வை உண்டாக்கியது: எண் வரிசை, உருவப் புதிர், கணக்கு. 1966இல் இரண்டு உளவியலாளர்கள், அப்போது வேலையில் இருந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட புரோகிராமர்களை ஆராய்ந்து, இவர்களுக்குப் புதிர் பிடிக்கும், மனிதர்களோடு பழகப் பிடிக்காது என்று சொன்னார்கள். ஆராயப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அந்த அச்சில் ஆள் எடுத்தார்கள். அந்த அச்சிலேயே ஆள் நிறைந்ததும், பார்த்தீர்களா, புரோகிராமர் என்றால் இப்படித்தான் இருப்பார் என்றார்கள்.

'சாதாரண ஆளைவிடப் பத்து மடங்கு வல்லவன்' என்று கம்பெனிகளில் ஒரு பேச்சு உண்டு. அதன் மூலமாகச் சொல்லப்படுவது 1968இல் வந்த ஓர் ஆய்வு. பன்னிரண்டே பன்னிரண்டு புரோகிராமர்களை வைத்துச் செய்தது. இயந்திரத்தின் முன்னால் நேரடியாக உட்கார்ந்து வேலை செய்வது நல்லதா, அட்டைகளைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது நல்லதா என்று பார்க்கத்தான் அதை நடத்தினார்கள். போகிற போக்கில் பிழை தேடும் நேரத்தில் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் 28 மடங்கு வித்தியாசம் இருப்பதாக எழுதினார்கள். இரண்டு முறைகளிலும் வேலை செய்தவர்களை ஒன்றாகச் சேர்த்துப் போட்ட கணக்கு அது என்று பின்னால் வந்தவர்கள் எடுத்துக்காட்டினார்கள். யார் கேட்டார்கள்? ஒருத்தருக்கு ஒருத்தர் வித்தியாசம் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை, கண்ணால் பார்க்கிறேன். பன்னிரண்டு பேர் கணக்கிலிருந்து ஒரு மேதைக் குலத்தையே உண்டாக்கியதைத்தான் சொல்கிறேன்.

நம் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒருவர் டோரத்தி வாகன். கறுப்பினப் பெண், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். 1943இல் வர்ஜீனியாவில் லாங்லி விமான ஆய்வுக்கூடத்தில் கணக்குப் போடும் வேலைக்குச் சேர்ந்தார். கறுப்பினப் பெண்களுக்குத் தனிப் பிரிவு, தனிக் கழிப்பறை, சாப்பாட்டுக் கூடத்தில் அட்டை வைத்த தனி மேசை. அந்த அட்டையை மிரியம் மான் என்ற பெண் எடுத்து ஒளித்து வைத்துக்கொண்டே இருந்தாராம்; அவர்கள் வேறு வைத்துக்கொண்டே இருந்தார்களாம். 1949இல் வாகன் அந்தப் பிரிவின் தலைவர் ஆனார். 1958இல் அந்த ஆய்வுக்கூடம் நாசாவின் கீழ் வந்தபோது தனிப் பிரிவு கலைக்கப்பட்டது. எலக்ட்ரானிக் கணிப்பொறி வந்து கையால் கணக்குப் போடுகிற வேலையை விழுங்கப்போகிறது என்று தெரிந்ததும், வாகன் ஃபோர்ட்ரான் மொழியைக் கற்றார், தன்னோடு இருந்த பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தார். மேதைகளின் பட்டியலில் அவர் பெயரைத் தேடினால் கிடைப்பது கடினம். தான் கற்றதைப் பத்துப் பேருக்குக் கொடுத்ததை அந்தப் பட்டியல்கள் எந்த மடங்கில் சேர்க்கும்?

இன்னொரு பழக்கம் இருக்கிறது. அதைத்தான் எல்லாவற்றிலும் மேலாக நான் வைப்பேன். அடிபட்டவர் சொல்வதை நம்புவது.

புற்றுநோய்க்கு 'கரண்ட் வைக்கிறது' என்று நம்ம ஊரில் சொல்வார்கள். அதற்கான இயந்திரங்களில் ஒன்று தெராக்-25. கனடாவின் அரசு நிறுவனம் ஒன்று செய்தது. முந்தைய மாடல்களில் கதிர் அளவு மீறிப் போகாமல் தடுக்க மின்சாரத் தடுப்புகள் தனியாக இருந்தன. இதில் அவற்றை எடுத்துவிட்டு, மென்பொருளே பார்த்துக்கொள்ளும் என்று விட்டார்கள். 1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஆறு பேர் உடம்பில் அளவு கடந்த கதிர்வீச்சு பாய்ந்தது. குறைந்தது மூன்று பேர் அதனால் செத்தார்கள். முதல் ஆள் ஜார்ஜியா மாநிலத்துப் பெண். சிகிச்சை மேசையிலிருந்தே, என்னைச் சுட்டுவிட்டீர்கள் என்று சொன்னார். அப்படி நடக்க வாய்ப்பே இல்லை என்று பதில் சொன்னார்கள்.

1986 மார்ச்சில் டெக்சஸ் மாநிலத்தில் டைலர் என்ற ஊரில் ஒருவருக்கு அதே கதி. கம்பெனி இன்ஜினியர்கள் வந்து சோதித்தார்கள். அவர்களால் பிழையை வரவழைக்க முடியவில்லை. இந்த இயந்திரம் அளவு மீறாது, மின்கசிவாக இருக்கும் என்று சொல்லிப் போனார்கள். மூன்று வாரம் கழித்து அதே இயந்திரம், அதே ஆபரேட்டர், இன்னொரு நோயாளி. இந்தத் தடவை ஆஸ்பத்திரியின் இயற்பியலாளர் அந்த ஆபரேட்டரோடு உட்கார்ந்தார். அன்றைக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டு, அதையே திரும்பத் திரும்பச் செய்யவைத்தார். சிகிச்சை வகையைக் குறிக்க 'ஈ' என்ற எழுத்து அடிக்க வேண்டிய இடத்தில் பழக்கத்தில் 'எக்ஸ்' அடித்துவிட்டு, மேலே போய்த் திருத்தி, எட்டு விநாடிக்குள் மீதியை முடித்தால் பிழை வந்தது. மெதுவாக அடித்தால் வராது. கம்பெனி ஆட்கள் மெதுவாகத்தான் அடித்திருப்பார்கள். நாள் முழுக்க அதே படிவத்தை நிரப்பி நிரப்பிக் கை ஓடிப்போன தொழிலாளிக்குத்தான் அந்த வேகம் இருக்கும்.

பிழையை வரவழைப்பதுதான் முதல் வித்தை என்று முன்னால் சொன்னேன். இங்கே அதைச் செய்தவர்களில் ஒருவர் மாதச் சம்பளத்துக்குப் பொத்தான் அழுத்தியவர். 1993இல் நான்சி லெவ்சனும் கிளார்க் டர்னரும் இந்த விபத்துகளை விரிவாக ஆராய்ந்து எழுதினார்கள். அந்த நிரலைப் பெரும்பாலும் ஒரே ஆள் வருசக்கணக்கில் எழுதியிருந்தார் என்று அதிலிருந்து தெரிகிறது. எழுத்துப் பதிவுகள் மிகக் குறைவு. 'தனி ஒருவனாக நின்று சாதிக்கும் மேதை' என்று கம்பெனிகள் கனவு காண்கிறார்களே, அதற்கு மிகப் பக்கத்தில் இருக்கிற உருவம் இதுதான்.

இங்கிலாந்தில் அஞ்சல் துறையின் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் கதை இதைவிட நீளம். 1999 முதல் 2015 வரை, கணக்கில் பணம் குறைகிறது என்று சின்னச் சின்ன அஞ்சலகம் நடத்தியவர்களைத் திருடர்கள் என்று கோர்ட்டுக்கு இழுத்தார்கள். தண்டனை பெற்றவர்கள் 900 பேருக்கு மேல். குறைந்தது மென்பொருளின் கணக்கில். ஒவ்வொருவரிடமும், உனக்கு மட்டும்தான் இப்படி வருகிறது என்று சொன்னார்கள். கம்ப்யூட்டர் சரியாக இயங்குகிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டத்தின் அனுமானமாக வேறு இருந்தது. 2019இல் உயர் நீதிமன்றம் மென்பொருளில் குற்றம் உண்டு என்றது. 2024இல் தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்யத் தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று. அதற்குள் சிறைக்குப் போனவர்கள் உண்டு, தற்கொலை செய்துகொண்டவர்கள் உண்டு. பாதிக்கப்பட்டவர்களில் தெற்காசியக் குடும்பத்தினர் நிறைய. சந்தேக நபர்களைத் தோல் நிறமும் இனமும் வைத்துக் கேவலமான சொற்களால் வகைப்படுத்திய விசாரணை அதிகாரிகளின் ஆவணம் ஒன்று 2023இல் வெளியே வந்தது. அஞ்சல் துறை மன்னிப்புக் கேட்டது.

'அப்படி நடக்க வாய்ப்பே இல்லை.' இந்த வாக்கியத்தை நாம் எங்கேயோ கேட்டிருக்கிறோம், இல்லையா? டீக்கடையில் தனிக் குவளை இருக்கிறது என்று புகார் கொடுத்தால் தாசில்தார் வந்து விசாரிப்பார். 'எங்க ஊர்ல அதெல்லாம் கெடையாதுங்க, எல்லாரும் தாயா பிள்ளையா இருக்கோம்' என்பார்கள். அவர் வந்த அன்றைக்குத் தனிக் குவளை இருக்காது. பிழை வரவில்லை, கோப்பை மூடு. கம்ப்யூட்டர் கம்பெனியில் 'நம்ம ஆபீஸ்ல காஸ்ட்டே கிடையாதே' என்பார்கள். 2020 ஜூனில் கலிஃபோர்னியா மாநில அரசு சிஸ்கோ நிறுவனத்தின் மீது சாதிப் பாகுபாட்டு வழக்குத் தொடுத்தது. ஒரு தலித் இன்ஜினியர் ஒதுக்கீட்டில் படித்தவர் என்பதை, அதே ஐஐடியில் படித்த மேலதிகாரி மற்றவர்களிடம் சொன்னார், புகார் கொடுத்த பிறகு அவரை ஒதுக்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் மறுத்தது. 2023 ஏப்ரலில் அதிகாரிகள் இருவர் மீதான வழக்கை அரசே விலக்கிக்கொண்டது. நிறுவனத்தின் மீதான வழக்கு அதற்குப் பிறகும் நீடித்தது. வழக்கின் நியாயத்தை நான் இங்கே தீர்க்க வரவில்லை. படித்து முடித்துப் பல வருசம் ஆன பிறகும், கடல் தாண்டியும், ஒருவர் எந்தக் கதவு வழியாக உள்ளே வந்தார் என்ற பேச்சுக்கு இன்னும் விலை இருக்கிறதே, அதைச் சொல்கிறேன். அந்தப் பேச்சு காதில் விழுந்தவர்கள் அவருடைய அடுத்த பிழையை எப்படிப் படிப்பார்கள்?

நம் பக்கத்திலும் ஒரு பேச்சு இருக்கிறது, அதையும் ஒதுக்க வேண்டும். தோல் பதப்படுத்திய கைக்கும் பறை அடித்த கைக்கும் நுட்பம் தானாக வரும், கம்ப்யூட்டரும் அப்படியே வரும் என்று மேடையில் சில நண்பர்கள் உருகுகிறார்கள். ரத்தத்தில் வருகிறது என்று அவர்கள் சொன்னால் தப்பு, நாம் சொன்னால் சரியா? அம்பேத்கர் 1936இலேயே, சாதி என்பது வேலையைப் பங்கு போட்டதோடு நிற்கவில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து அடுக்கிவிட்டது என்று விளக்கினார். ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு பிறவி வித்தை ஒட்டிவைப்பது அந்த அடுக்கைக் காப்பாற்றத்தான் உதவும். நம் பெரியவர்கள் தோலில் நுட்பம் காட்டியது உண்மை. அதுவும் தப்புச் செய்து, தோலைக் கெடுத்து, அடி வாங்கிக் கற்றதுதான்.

இப்போது இயந்திரமே நிரல் எழுதுகிறது. கேட்டால் நொடியில் நூறு வரி தருகிறது. பார்க்க அழகாக இருக்கும், எங்கோ ஓர் இடத்தில் தேதி தலைகீழாக இருக்கும். எனவே எழுதுகிற வேலை குறைந்து, சந்தேகப்படுகிற வேலை கூடியிருக்கிறது. அது நல்லதுதான் என்று சில பேர் சொல்கிறார்கள். எனக்கு வேறு கவலை. புதிதாக வந்தவருக்குக் கொடுக்கும் சின்னச் சின்ன வேலைகள்தான் இதுவரை தப்புச் செய்து பழக இருந்த இடம். அந்த வேலைகளைத்தான் முதலில் இயந்திரத்திடம் கொடுக்கிறார்கள். வீட்டிலேயே பழகி வந்த பிள்ளைக்கு அதனால் பெரிய நட்டமில்லை. வேலைக்கு வந்துதான் பழக வேண்டும் என்று இருந்த பிள்ளை எங்கே போய்ப் பழகும்?

சனி, ஞாயிறுகளில் சில நண்பர்கள் சேர்ந்து பிள்ளைகளுக்கு இந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுக்கிறோம். பிழைகளை எழுதி வைக்க ஆளுக்கொரு நோட்டு. வாரம் ஒருத்தர் தன் நோட்டிலிருந்து ஒன்றை எழுந்து நின்று வாசிக்க வேண்டும். முதல் மாதம் யாரும் வாசிக்க மாட்டார்கள். வலுக்கட்டாயம் பண்ணுவதில்லை. பிறகு ஒருத்தி ஆரம்பிப்பாள், பின்னாலேயே எல்லாரும் வருவார்கள், சிரிப்புத் தாங்காது. அதுவரைக்கும் எங்களுக்குள் சண்டையில்லை. சண்டை நேர்முகத் தேர்வு பற்றித்தான்.

கம்பெனித் தேர்வில் ஒரு கேள்வி வழக்கமாக வரும்: 'நீங்கள் செய்த பெரிய தவறு ஒன்றைச் சொல்லுங்கள், அதிலிருந்து என்ன கற்றீர்கள்?' மேல்தட்டுப் பிள்ளைகள் இதற்கு வீட்டிலேயே தயாராகி வருகிறார்கள். தவறைப் பதக்கம் மாதிரி எடுத்துக் காட்டுவார்கள். நம் பிள்ளைகள் பலர், 'அப்படி எதுவும் இல்ல சார்' என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். பன்னிரண்டு வருசம் பள்ளியில் தப்பே செய்யாத பிள்ளை என்று பேர் வாங்கித்தானே இங்கே வரை வந்திருக்கிறார்கள். அதே தேர்வில் 'குடும்பப் பின்னணி சொல்லுங்க' என்றும் கேட்பார்கள். அந்தக் கேள்வியைக் கம்பெனி அதிகாரிகள் எவ்வளவு முக்கியமாக நினைக்கிறார்கள் என்று ஜோத்காவும் நியூமனும் 2007இல் எழுதினார்கள். அதே ஆண்டு தோரட்டும் அட்டவெல்லும் ஒரே மாதிரித் தகுதியோடு, பெயரை மட்டும் மாற்றித் தனியார் கம்பெனிகளுக்கு விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்தார்கள். ஆதிக்க சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் தலித் பெயருக்கு இருந்தது.

எனவே எங்களில் ஒரு தரப்பு சொல்கிறது: தவறைச் சொல்லக் கற்றுக்கொடுப்போம், அதுதான் இந்தத் தொழிலின் நேர்மை, நோட்டில் இருப்பதையே சொல்லட்டும். இன்னொரு தரப்பு, அதில் இருபது வருசம் பார்த்தவர்கள்தான் அதிகம், சொல்கிறது: கேட்கிறவன் யார் என்று தெரியாமல் நம் பிள்ளை கையாலேயே ஆதாரத்தை எடுத்துக் கொடுக்கச் சொல்கிறீர்களா? சின்னதாக, யாருக்கும் சேதம் வராததாக ஒன்றைத் தயார் பண்ணிக் கொடுத்து அனுப்புவோம். போன மாதம் இதைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினோம். பின் வரிசையிலிருந்த ஒரு பெண், 'அண்ணே, அவங்ககிட்ட அதே கேள்விய நாங்க திருப்பிக் கேக்கலாமா? உங்க கம்பெனி செஞ்ச பெரிய தப்பு என்ன, என்ன கத்துக்கிட்டீங்கன்னு?' என்று கேட்டாள். கேட்கலாம், வேலை கிடைக்காது என்றார் ஒருவர். கேட்டே ஆகணும் என்றார் இன்னொருவர். அடுத்த தேர்வு ஜூலையில் வருகிறது. அதற்குள் ஒரு முடிவுக்கு வர வேண்டும்.